இடியப்பத்தில் ஓர் இரும்புச் சுருள்

அத்தியாயம் ஏழு

"கொம்பனியிலையிருந்து முழுசா வந்த பெட்டியிலை ஓட்டை போடுறவன், சந்தர்ப்பம் கிடைச்சாக் கொலையும் செய்வான்."

துப்பறிவாளர் செபநாயகம் இதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் பகிடியின் சாயல்கூட இல்லை. குருநகரில், அக்கா சிசிலியா வீட்டு முன்னறையில், தன் பெயர் எழுதிய பலகைக்கு நேர் கீழே இருந்துகொண்டு, உலகம் இதை எழுதிவைத்துக்கொள்ளட்டும் என்பதுபோலச் சற்று இடைவெளி விட்டார். உலகம் எழுதிக்கொள்ளவில்லை. மேசையில் இருந்த கணினி மட்டும் ஒருமுறை முனகிவிட்டுத் தானாக அணைந்துபோனது.

"பாத்தீங்களே, திரும்பவும் செத்துப்போச்சு," என்றாள் லவீனா. சிசிலியாவின் மகள்; செபநாயகத்தின் துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளர். ஸ்கூட்டி அவளுடையது என்பதால் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவும் அவள்தான். "சூடு தாங்கேல்லை மாமா. உந்தப் பக்கத் தகட்டிலை வட்டமா ஒரு ஓட்டை வெட்டி, நான் வாங்கிவைச்ச ஃபானைப் பூட்டினாச் சரி. பாவம், அது பெட்டிக்குள்ளையே கிழவனாகுது."

"ஓட்டை! கேக்கவே அரியண்டமா இருக்கு."

"அப்ப காது குத்துற பத்தரும் கொலைகாரரே?"

"காது கொம்பனிச் சாமான் இல்லை."

"மெல்லக் கதையுங்கோ மாமா. செய்த கொம்பனிக்காரர் மேலை இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்."

செபநாயகம் மூக்கைச் சுளித்தார். மற்றத் துப்பறிவாளர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அவரிடம் அருவருப்பு இருந்தது. கருவாடு காயும் தெருவிலேயே பிறந்து வளர்ந்தும் கருவாட்டை மன்னிக்காத ஒரே குருநகர்வாசி அவர். எதிர்வீட்டில் காய்கிற கருவாட்டின் தூளையெல்லாம் அந்தக் கணினி இழுத்து விழுங்கி, சூடேறும்போது சுட்ட மீன் மணமாக அவர் முகத்தில் ஊதியது. அதை அவர் தனக்குச் செய்யப்பட்ட நேரடி அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் ஓட்டை அதைவிடக் கேவலம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

அந்த நேரத்தில்தான் மானிப்பாயிலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவள் உதயகலா. தன் வீட்டு அறை ஒன்றிலேயே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள். இரவோடிரவாக யாரோ அந்த அறையின் பூட்டை உடைத்து, கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதற்குள் கஜந்தினி என்ற பெண்ணின் கல்யாணம் முழுவதும் இருந்தது. கமராவில் கிடந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று; வேறு பிரதி கிடையாது. மாப்பிள்ளை தாலி கட்டிய கையோடு கனடா பறந்துவிட்டான். நடந்தது உண்மையான கல்யாணந்தான் என்பதற்கு, வருகிற திங்கட்கிழமை கஜந்தினி படமும் வீடியோவும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் விசா. கொடுக்காவிட்டால் தாலி இங்கே, தாலி கட்டியவன் அங்கே.

"கணினியைத் தேடிக்கொண்டு போறம்," என்று லவீனா ஹெல்மெட்டை நீட்டினாள். "அது முழுசா இருக்கவேணும் எண்டு வேண்டிக்கொள்ளுங்கோ."

*

மானிப்பாய் ஒழுங்கையில் ஸ்கூட்டி நின்றதும் செபநாயகம் காலை வைத்த முதல் இடத்தில் கோழி எச்சம் இருந்தது. இரண்டாவது இடத்திலும் இருந்தது.

"கோழி வளக்கிற வீடு," என்றார், ஒரு குடும்பத்தின் பரம்பரை நோயைச் சொல்லும் குரலில்.

"முதல் துப்பு மாமா. சப்பாத்திலை பத்திரமா வைச்சுக்கொள்ளுங்கோ."

ஹெல்மெட்டைக் கழற்றி, நிலத்தில் வைக்க மனமில்லாமல், ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் மல்லாக்க வைத்தார். முற்றத்தில் சிவத்த கோழி ஒன்று அதை ஓரக்கண்ணால் பார்த்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்த அத்தியாயம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

உதயகலா கண் வீங்கி நின்றாள். கையில் இருந்த தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. "கஜந்தினிதான். விடிஞ்சதிலையிருந்து எடுக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?"

அறைக்கதவின் ஆமைப்பூட்டு அடித்து நெளிக்கப்பட்டுத் தொங்கியது. உள்ளே மொனிற்றர் இருந்தது, கீபோர்ட் இருந்தது, விலைகூடிய கமராகூட இருந்தது. பெட்டி மட்டும் இல்லை. செபநாயகம் குனிந்து, மொனிற்றரிலிருந்து வந்த வயரை இரண்டு விரலால் தூக்கினார்.

"லவீனா, உதின்ரை முனையிலை என்ன இருக்கு?"

"ரெண்டு குட்டி ஸ்க்ரூ."

"பூட்டை உடைக்கிற அவசரக்காரன், ரெண்டு ஸ்க்ரூவையும் ஆறுதலாத் திருகிக் கழட்டியிருக்கிறான். போதாக்குறைக்கு வயரைச் சுருட்டி றப்பர் பாண்டும் போட்டிருக்கிறான்."

"நல்ல வளர்ப்பு மாமா. எங்கடை வீட்டுக்கும் ஒருக்கா வரச் சொல்லவேணும். வயரெல்லாம் சிக்கிப்போய்க் கிடக்கு."

உதயகலா சிரிக்கவில்லை. அவசரமாக, "அம்மா சாப்பாடு எடுத்துவைச்சிட்டா, வாங்கோ ஐயா," என்றாள்.

அம்மா குணலட்சுமி விருந்தாளியைக் கேட்டுச் சாப்பாடு போடுகிற ரகமில்லை. உட்கார முன்னரே சாப்பாட்டுக் கோப்பையில் இடியப்பம் விழுந்துவிட்டது. அதன்மேல் சொதி, ஓரத்தில் சம்பல். எதிரே உதயகலாவின் தம்பி டிலக்ஷன் இருந்தான். வெல்டிங் கடையில் வேலை. இடியப்பத்தை அவன் எடுத்துத் தின்னவில்லை, அடுக்கடுக்காக அப்புறப்படுத்திக்கொண்டிருந்தான்.

"நீயும் ரெண்டு தின்னன் பிள்ளை," என்றாள் குணலட்சுமி மகளிடம்.

"எனக்குப் பாண் காணும் அம்மா. வயித்துக்குள்ளை சரியில்லை," என்றாள் உதயகலா, பேக்கரிப் பாண் துண்டு ஒன்றைத் தேநீரில் தோய்த்தபடி.

"முந்தநாள் தொடங்கி உவளுக்கு இதே கதைதான் தம்பி. இடியப்பத்தைக் கண்டா ஓடுறாள்."

செபநாயகம் தலையாட்டியபடி ஒரு வாய் வைத்தார். நல்ல இடியப்பம். அதை அவர் ஒப்புக்கொள்ளத் தயாராகும் வேளையில் வாய்க்குள் 'கிறீச்' என்றது. அவருடைய தொழில் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு துப்பை மூளைக்கு முன்னர் கடைவாய்ப்பல் கண்டுபிடித்திருந்தது.

நாக்கால் அதை மெல்ல முன்னுக்குத் தள்ளி விரலில் எடுத்தார். கறுப்பாக, சுருண்டு, பென்சில் சீவிய சுருளைப் போல ஒரு சின்ன இரும்பு.

"அன்ரி, உங்கடை இடியப்பத்திலை ஸ்பிறிங் இருக்கு," என்றாள் லவீனா. "மெத்தெண்டு இருக்கேக்கையே நினைச்சனான்."

"மில்லிலை அரைச்ச மாவெல்லோ பிள்ளை, ஏதும் விழுந்திருக்கும்," என்றாள் குணலட்சுமி, சளைக்காமல்.

செபநாயகம் கோப்பையைத் தள்ளிவைத்தார். ஆனால் அருவருப்பின் உச்சியில்தான் அவருடைய மூளை வேலை செய்யும். "மில்லிலை உடைஞ்சு விழுற இரும்பு சுருளாது. ட்ரில் போட்டுத் துளைக்கேக்கைதான் சுருளும். இடியப்பத் தட்டெல்லாத்தையும் காட்டுங்கோ."

குசினியில் பிரம்புத் தட்டுகள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி முகர்ந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த குணலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் விட்டது அவருக்கு நல்லது. நடுவில் இருந்த ஒரு தட்டு அவரை நிறுத்தியது. பின்னல் இடுக்குகளில் இன்னும் கறுப்புத் தூள். விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு.

"சுண்ணாம்பாக்கும்," என்றாள் குணலட்சுமி.

"டிப்பெக்ஸ்! எழுத்துப் பிழையை அழிக்கிற மை. கறுப்புத் தகட்டிலை கீறினாத் தெரியிற வெள்ளை. இந்தத் தட்டைத் தகட்டிலை கவிட்டு வைச்சு ஆரோ வட்டம் கீறியிருக்கினம். கீறின வட்டத்திலை ட்ரில் போட்டிருக்கினம். பிறகு தட்டைத் துடைக்காமல் கொள்ளாமல் அடுக்கிலை வைச்சிருக்கினம். இடியப்பத் தட்டின்ரை அளவிலை எதுக்கு ஓட்டை தேவை? கணினி ஃபானுக்கு!" குரல் தாழ்ந்தது. "லவீனா, காலமை நான் என்ன சொன்னனான்?"

"கொலை மாமா."

"பெட்டியைக் கள்ளன் தூக்கேல்லை. வீட்டுக்குள்ளை ஒரு ஓட்டைக்காரன் இருக்கிறான். ஓட்டை போடப்போய்ப் பிழையாப்போச்சு. மறைக்கிறதுக்குப் பூட்டை உடைச்சு நாடகம் போட்டிருக்கிறான்." திரும்பி, டிலக்ஷனை நோக்கி விரலை நீட்டினார். "வெல்டிங் கடைக்காரத் தம்பி, பெட்டி எங்கை?"

டிலக்ஷனின் வாய் நிறைய இடியப்பம் இருந்ததால் அவனுடைய அதிர்ச்சி வெளியே வரச் சற்று நேரம் எடுத்தது.

"நானோ? ஓட்டை போடுறதெண்டா நான் ஏன் அம்மாவின்ரை தட்டை வைச்சுக் கீறுறன்? கடையிலை வட்டம் வெட்டவெண்டே மிஷின் நிக்குது."

"எல்லாரும் முதல் இப்பிடித்தான் சொல்லுவினம்."

"ட்ரில் என்ரைதான். அது வீட்டிலை கிடக்கு, ஆரும் எடுக்கலாம். என்னை நம்பாட்டி விடுங்கோ!" என்று அவன் இன்னொரு இடியப்பத்தை எடுத்தான்.

"அப்ப பொலிசிலை கதைப்பம்," என்று செபநாயகம் முற்றத்தில் இறங்கினார். வெற்றிகரமான வெளியேற்றம் ஒன்றுக்குத் தேவையான எல்லாம் அவரிடம் இருந்தன: நிமிர்ந்த முதுகு, நீண்ட எட்டு, கனல் பறக்கும் பார்வை. ஹெல்மெட்டை எடுத்து ஒரே வீச்சில் தலையில் கவிழ்த்தார்.

'பச்சக்.'

இளஞ்சூடான ஏதோ ஒன்று நடு உச்சியில் உடைந்து, காதோரமாக இறங்கி, கொலருக்குள் போக வழி கேட்டது.

"ஐயோ, எங்கடை சிவலை!" என்று குணலட்சுமி ஓடிவந்தாள். "முட்டையிட வேறை இடம் கிடைக்கேல்லையே உனக்கு? ரெண்டு நாளா இப்பிடித்தான் தம்பி. கூட்டுக்குள்ளை போகமாட்டன் எண்டு கண்ட இடத்திலையும் இடுது. நேற்று என்ரை சந்தைப் பைக்குள்ளை."

"மாமா," என்றாள் லவீனா மெல்ல, "தலையிலை மஞ்சள் வழியுது."

செபநாயகம் துடைக்கவில்லை. அசையவும் இல்லை. அவருடைய வாழ்நாளின் மிகக் கேவலமான கணத்தில், மிகக் கூர்மையான கேள்வி பிறந்தது.

"கோழி ஏன் கூட்டுக்குள்ளை போகுதில்லை?"

*

கூட்டுக் கதவைத் திறந்ததும் எழுந்த மணத்தை விவரிப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம். செபநாயகம் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் உள்ளே கிடந்த உரச்சாக்கை இழுத்தார். சாக்கோடு ஒரு கறுப்புக் கணினிப் பெட்டி வந்தது. அதன் பக்கத் தகட்டில் எலி தின்ற அப்பளம் போல ஒரு ஓட்டை. வட்டமாகத் தொடங்கி, நடுவழியில் நம்பிக்கையிழந்து, முட்டை வடிவத்தில் முடிந்திருந்தது. அந்தக் கூட்டுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

டிலக்ஷன் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினான். "சீ! உதை நான் வெட்டினனான் எண்டு வெளியிலை சொல்லிப் போடாதேங்கோ. கடையிலை நிக்க விடமாட்டாங்கள்."

"பிறகும் நடிப்பு—"

"மாமா," லவீனா குறுக்கிட்டாள். "அவர் காலமையிலையிருந்து அந்த இடியப்பத்தை எத்தினை எண்டு இல்லாமல் உள்ளுக்கை தள்ளுறார். தட்டிலை இரும்புத் தூள் கிடக்கெண்டு தெரிஞ்ச ஆள் அதிலை அவிச்சதைத் தின்னுமே? தெரிஞ்ச ஆள் என்ன சொல்லும்?"

ஒழுங்கையில் பாண்காரனின் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. எல்லோரும் மெல்லத் திரும்பி உதயகலாவைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பாண் காணும்..." என்று செபநாயகம் முணுமுணுத்தார்.

உதயகலா அப்படியே முற்றத்தில் இருந்துவிட்டாள். எச்சத்தின் மேலா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை.

"எடிற் பண்ணேக்கை நெடுகச் சூடாகி நிண்டுபோகும் ஐயா. யூரியூப்பிலை பாத்தன், வீட்டிலையே ஓட்டை வெட்டி ஃபான் பூட்டலாம் எண்டு. தட்டை வைச்சுக் கீறி, சுத்திவர ட்ரில் போட்டு, பிளேட்டாலை அறுத்தன். தகட்டைக் கழட்டிக்கொண்டுபோய் வெட்டவேணுமாம். நான் கழட்டேல்லை. தூளெல்லாம் உள்ளை கொட்டுண்டு போச்சு. கடைசியிலை பிளேட் உள்ளை எதையோ 'கர்ர்' எண்டு அறுத்துது. பயத்தோடை சுவிச்சைப் போட்டன். புகை வந்துது. கஜந்தினியின்ரை டிஸ்க்கைத்தான் அறுத்துப்போட்டன் எண்டு நினைச்சன். அண்டைக்கே பெட்டியைக் கோழிக்கூட்டிலை ஒளிச்சிட்டு, நேற்று ராத்திரிதான் பூட்டை உடைச்சன்."

"நினைச்சதோ, திறந்து பாத்ததோ?"

"பாக்கப் பயம் ஐயா. பாக்காமல் இருக்குமட்டும் சாட்டுக்கெண்டாலும் ஒரு நம்பிக்கை இருக்கும்."

"அடியேய்," என்றாள் குணலட்சுமி, "பெத்த தாய்க்கு ரெண்டு நாளா இரும்பைத் தீத்தியிருக்கிறாய்!"

"எனக்கும்தான்!" என்றான் டிலக்ஷன்.

"உனக்குப் பிரச்சினையில்லையடா. உள்ளுக்கை வெல்ட் பிடிச்சிருக்கும்," என்றாள் குணலட்சுமி.

செபநாயகத்துக்கு ஒன்றுமட்டும் விளங்கவில்லை. "மறைக்கிறதெண்டா மறைச்சிருக்கலாம். என்னை ஏன் பிள்ளை கூப்பிட்டனீர்?"

உதயகலா நிலத்தைப் பார்த்தாள். "துப்பறியிற ஆளும் தேடுது எண்டாத்தான் கஜந்தினி வீட்டார் களவெண்டு நம்புவினம்."

"நான் கண்டுபிடிச்சிருந்தா?"

சிவலை ஒருமுறை கொக்கரித்தது.

"முந்தி உங்களிட்டை வழக்குக் குடுத்த றஜனி அக்கா சொன்னவ... உங்களைப் பிடிச்சா அந்தப் பயம் இல்லையாம்."

லவீனா தூணைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். அவளுடைய தோள்கள் மட்டும் குலுங்கின. உலகத்திலுள்ள எல்லாவற்றின்மீதும் அருவருப்புப்பட்டு முடித்திருந்த செபநாயகத்துக்கு, தான் மட்டும் மிச்சமாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. காதோரம் முட்டை காயத் தொடங்கியிருந்தது.

"பெட்டியைத் திறவும்," என்றார்.

லவீனா ஸ்க்ரூக்களைக் கழற்றித் தகட்டைத் தூக்கினாள். உள்ளே தாய்ப்பலகை முழுவதும் இரும்புத் தூள். ஒரு மூலையில் கருகல். பிளேட் போன வழியை விரலால் தொடர்ந்தாள். உதயகலா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்கள் அறுத்தது சிடி போடுற பெட்டியை. ஆர் இப்ப சிடி பாவிக்கினம்?"

உதயகலாவின் விரல்கள் விலகின.

"டிஸ்க் கீழை கிடக்கு. ஒரு கீறல் இல்லை. ஆனா அதுவும் புகையிலை போச்சோ தெரியாது." டிஸ்க்கைக் கழற்றி, சட்டையில் துடைத்து, ஸ்கூட்டிப் பெட்டிக்குள் இருந்த தன் மடிகணினியோடு ஒரு வயரால் இணைத்தாள். டிஸ்க் உறுமியது. திரை வெறுமையாகவே இருந்தது. யாரும் மூச்சு விடவில்லை. அதற்குக் கோழிக்கூடு மட்டும் காரணமில்லை.

பிறகு நாதஸ்வரம் கேட்டது. திரையில் கஜந்தினி தலை குனிந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகை கண்ணுக்கு மேல் சரிய, ஐயர் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு மறுகையால் நெய் விட்டுக்கொண்டிருந்தார். எந்த அதிகாரி பார்த்தாலும் இதை யாரும் நடித்திருக்க முடியாது என்று சொல்லிவிடுவார்.

உதயகலா அழுதாள். தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அவள் அதை எடுத்தாள்.

"கஜந்தினி, வீடியோ கிடைச்சிட்டுது. ஓம், முழுசா... இல்லையடி, கள்ளர் ஒருத்தரும் வரேல்லை. நான்தான். நான்தான் ஓட்டை போட்டனான்."

மறுமுனையில் விழுந்த ஏச்சு முற்றத்தின் கடைசி வரை கேட்டது. அதைத் தொடர்ந்து வந்த விம்மலும் கேட்டது. செபநாயகம் கிணற்றடிக்குப் போய்த் தலையைக் கழுவினார்.

*

திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டியின் பின்னால் இருந்து அவர் பேசிக்கொண்டே வந்தார். ஓட்டை மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பொய், கோழிக்கூடு, பெற்ற தாய்க்கு இரும்பு. லவீனா 'ஓம் மாமா' என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அன்று கோயில் பாட்டுப் பயிற்சி. அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். சிசிலியாவும் வீட்டில் இல்லை.

செபநாயகம் வழக்கு அறிக்கையைத் தட்டத் தொடங்கினார். 'மிகவும் அருவருப்பான' என்ற இடத்துக்கு வந்தபோது கணினி முனகியது. சுட்ட கருவாட்டு மணத்தை ஒருமுறை முகத்தில் ஊதிவிட்டு அணைந்தது. மறுபடி போட்டார். 'மிக' என்பதோடு அணைந்தது.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையோரம் இருந்த ஃபான் பெட்டியைப் பார்த்தார். பிறகு எழும்பி, வாசலில் யாரும் இல்லை என்பதை ஒரு துப்பறிவாளருக்குரிய கவனத்தோடு உறுதிசெய்துகொண்டு, குசினிப் பக்கம் போனார்.

லவீனா வந்தபோது பொழுதுபட்டிருந்தது. முன்னறையில் கணினி சீராக இரைந்துகொண்டிருந்தது. அறிக்கை பல பக்கம் ஓடியிருந்தது. அறையில் கருவாட்டு மணம் இல்லை. பெட்டியின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டித் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"இண்டைக்கு உது நல்லா வேலை செய்யுது போல," என்றாள்.

"காலநிலை," என்றார் செபநாயகம். அவருடைய சுட்டுவிரலில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

சிசிலியா குசினியிலிருந்து ஆவி பறக்கும் தட்டத்தோடு வந்தாள். "வாங்கோ ரெண்டு பேரும். சூடா இடியப்பம்."

செபநாயகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குப் பாண் காணும் அக்கா," என்றார்.

லவீனா கோப்பைக்கு நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.